கிண்ணத்திலிருந்து தொட்டிக்கு: வளர்ப்பு மீனை இடம் மாற்றக் கற்றுக்கொண்ட வரலாறு

வீட்டில் வளர்க்கும் மீனைச் சிறிய கலத்திலிருந்து பெரிய தொட்டிக்கு மாற்றுவது எளிய செயலாகத் தோன்றும். வலையால் அள்ளிப் புதிய நீரில் விட்டால் போதும் என்றே பலரும் எண்ணுகின்றனர். ஆனால் பழைய கிண்ணத்தில் பல மாதங்கள் நலமாக இருந்த மீன், அதைவிடப் பெரிய, தூய்மையான தொட்டியில் விட்ட சில நாட்களிலேயே இறந்துபோவது உண்டு. நல்லது செய்ய நினைத்த இடத்தில் தீங்கு நேர்வது ஏன் என்ற வினாவுக்கு விடை காண ஏறத்தாழ 250 ஆண்டுகள் ஆயின. வேதியியலாளர், நுண்ணுயிரியலாளர், தொடர்வண்டியில் மீன் கொண்டுசென்றோர், கடற்கரையில் உயிரினங்களைச் சேகரித்தோர் எனப் பலரின் உழைப்பு அதில் அடங்கியுள்ளது. அந்த அறிவு படிப்படியாக உருவான விதத்தை இக்கட்டுரை விளக்குகிறது.

சீனத்துக் குளமும் சாடியும்

அழகுக்காக மீன் வளர்க்கும் வழக்கம் சீனாவில் வேரூன்றியது. அங்கு உணவுக்காக வளர்க்கப்பட்ட சாம்பல் நிறக் கெண்டை இன மீன்களிடையே எப்போதாவது பொன்னிறத்திலும் செந்நிறத்திலும் குஞ்சுகள் தோன்றின. சின் அரசமரபின் காலத்திலேயே (கி.பி. 265–420) இத்தகைய மீன்கள் கவனிக்கப்பட்டன. சோங் அரசமரபின் காலத்தில் (960–1279) அவை தனிக் குளங்களில் பேணி வளர்க்கப்பட்டன. பொன்னிற மீன்களை மட்டும் பிரித்து இனப்பெருக்கம் செய்ததால் தங்கமீன் என்னும் தனி வளர்ப்பினம் உருவாயிற்று.

மிங் அரசமரபின் காலத்தில் (1368–1644) தங்கமீன் குளத்தை விட்டு வீட்டு முற்றத்துச் சாடிக்குள் வந்தது. மீனை அருகிலிருந்து பார்க்க முடிந்ததால், இரட்டை வால், உருண்டை உடல் போன்ற மாறுபாடுகளைத் தெரிந்தெடுத்து வளர்க்க முடிந்தது. 1596ஆம் ஆண்டில் சாங் சியாண்டே என்பவர் செந்நிற மீன்களைப் பற்றித் தனி நூலே எழுதினார்.

ஆழமான, பரந்த குளத்தில் மண், செடி, பாசி, நுண்ணுயிர் ஆகியவை சேர்ந்து மீனின் கழிவைச் சிதைத்துவிடும். சாடியில் அந்த ஏற்பாடு மிகக் குறைவு. எனவே நீரை மாற்றுவது மனிதனின் பொறுப்பாயிற்று. மீனை இடம் மாற்றும்போது எழும் எல்லாச் சிக்கல்களுக்கும் இதுவே தொடக்கம் எனலாம்.

ஐரோப்பாவின் கண்ணாடிக் கிண்ணம்

1665ஆம் ஆண்டு மே மாதத்தில் லண்டன் நாட்குறிப்பாளர் சாமுவேல் பெப்பீஸ் ஒரு வீட்டில் கண்ணாடிக் கலத்து நீரில் வண்ண மீன்கள் வைக்கப்பட்டிருந்ததைக் கண்டார். அவை அப்படியே என்றென்றும் வாழும் என்று வியந்து எழுதினார். அந்த நம்பிக்கை தவறானது. மீன் நீரில் கரைந்துள்ள ஆக்சிசனைச் செவுள்கள் வழியே பெறுகிறது என்பது அப்போது எவருக்கும் தெரியாது. ஆக்சிசன் என்ற வளிமமே அடுத்த நூற்றாண்டில்தான் கண்டறியப்பட்டது.

18ஆம் நூற்றாண்டில் தங்கமீன் ஐரோப்பியச் செல்வர் வீடுகளில் அலங்காரப் பொருளாயிற்று. உருண்டைக் கண்ணாடிக் கிண்ணம் அதன் உறைவிடமாயிற்று. வாய் குறுகிய கிண்ணத்தில் நீர்ப்பரப்பு காற்றோடு தொடும் பகுதி மிகச் சிறியது. அதனால் ஆக்சிசன் மெதுவாகவே கரையும். மீன் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். நீர் கலங்கினால் முழுவதையும் கொட்டிவிட்டுப் புதிய நீரை ஊற்றுவர். ஒவ்வொரு முறையும் மீனுக்கு வெப்பநிலையும் நீரின் வேதித்தன்மையும் ஒரே நொடியில் மாறின. இறந்த மீனுக்குப் பதிலாக வேறொன்று வாங்கப்பட்டது. இறப்புக்கான காரணத்தை ஆராய்ந்தவர் அரிது.

விடைக்கான முதல் தடயம் தாவரங்களிலிருந்து கிடைத்தது. 1771இல் ஜோசப் பிரீஸ்ட்லி, மெழுகுவத்தி எரிந்து கெட்டுப்போன காற்றைப் புதினாச் செடி மீண்டும் நல்லதாக்குவதைக் கண்டார். 1779இல் யான் இங்கன்ஹவுஸ், ஒளி படும்போது மட்டுமே செடியின் பச்சைப் பகுதிகள் இதைச் செய்கின்றன என்று நிறுவினார். நீரில் மூழ்கிய இலைகளிலிருந்து குமிழ்கள் எழுவதையே அவர் தம் சோதனைகளில் கவனித்தார்.

சன்னலோரத்தில் ஊற்றிய நீர்

கடலுயிரிகளைக் கலத்தில் வைத்து ஆராய்ந்த முன்னோடிகளில் ழான் வில்ப்ரே-பவர் குறிப்பிடத்தக்கவர். பிரான்சில் பிறந்து சிசிலித் தீவின் மெசினா நகரில் வாழ்ந்த இவர், 1832 அளவில் கண்ணாடித் தொட்டிகளை அமைத்து ஆர்கோனாட் என்னும் கடலுயிரியை உயிரோடு வைத்து ஆராய்ந்தார்.

1846இல் இங்கிலாந்தின் டார்க்கி கடற்கரையிலிருந்து அன்னா தின் என்னும் பெண்மணி சில பவள உயிரிகளை லண்டனுக்குக் கொண்டுவந்தார். கணவர் வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தில் பணியாற்றியதால் அவர்கள் அதன் வளாகத்தில் வசித்தனர். கடல் தொலைவில் இருந்ததால் நாள்தோறும் புதிய கடல்நீர் கொண்டுவருவது இயலாது. எனவே உள்ள நீரையே ஒரு கலத்திலிருந்து மற்றொன்றுக்குத் திறந்த சன்னலோரத்தில் மாற்றி மாற்றி ஊற்றச் செய்தார். நாள்தோறும் அரை மணி முதல் முக்கால் மணி நேரம் வரை வீட்டுப் பணிப்பெண்ணே இதைச் செய்தார். பின்னர் கடற்பாசியும் சேர்க்கப்பட்டது. பவள உயிரிகள் பல ஆண்டுகள் வாழ்ந்தன.

காப்பியை ஆற்றுவது போல நீரை உயரத்திலிருந்து ஊற்றும்போது காற்று அதில் கலக்கிறது. இன்று தொட்டிகளில் குமிழ் விடும் காற்று இறைப்பான் செய்யும் வேலையும் இதுவே. அந்தப் பணிப்பெண்ணின் பெயர் வரலாற்றில் பரவலாக அறியப்படவில்லை. எனினும் மீன் வளர்ப்பின் வரலாற்றில் அவருடைய கைகளுக்கும் இடம் உண்டு.

வாரிங்டனின் சமநிலை

ராபர்ட் வாரிங்டன் லண்டனில் மருந்து தயாரிப்போர் சங்கத்தில் பணியாற்றிய வேதியியலாளர். 1849இல் அவர் சுமார் 12 காலன் கொள்ளும் கண்ணாடிக் கலத்தில் மணலும் கற்களும் இட்டு, நாடா போன்ற இலைகளையுடைய வாலிஸ்னேரியா செடியை நட்டு, இரண்டு சிறிய தங்கமீன்களை விட்டார். செடி ஆக்சிசன் தரும், மீன் கரிவளி தரும், ஒன்றுக்கொன்று ஈடுசெய்யும் என்பது அவருடைய எதிர்பார்ப்பு.

முதலில் எல்லாம் சரியாகவே நடந்தது. பிறகு பழுத்த இலைகள் அழுகத் தொடங்கின. நீர் கலங்கியது. கண்ணாடியில் பச்சை வழுவழுப்பு படர்ந்தது. இயற்கைக் குளத்தில் அழுகும் இலைகளை என்ன உயிர் தின்கிறது என்று சிந்தித்த வாரிங்டன், குளத்து நத்தைகளைத் தொட்டியில் விட்டார். நத்தைகள் அழுகிய பகுதிகளைத் தின்றன. அவை இட்ட முட்டைகளும் குஞ்சுகளும் மீன்களுக்கு உணவாயின. நீர் தெளிந்தது. இந்த ஆய்வு 1850இல் வேதியியல் சங்கத்தின் இதழில் வெளியானது.

தொட்டி என்பது நீர் நிறைந்த கலம் மட்டுமன்று, பல உயிர்கள் சேர்ந்து நடத்தும் குடித்தனம் என்ற கருத்து இவ்வாறு பிறந்தது. ஆனால் அந்தக் குடித்தனத்தின் மிக முக்கியமான உறுப்பினர்களை வாரிங்டன் பார்க்கவில்லை. அவை அவருடைய மணலிலும் கற்களிலும் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருந்தன.

மோகமும் வீழ்ச்சியும்

1853ஆம் ஆண்டு மே மாதத்தில் லண்டன் விலங்குக் காட்சிசாலையில் மீன் இல்லம் திறக்கப்பட்டது. அதற்கு உயிரினங்களைச் சேகரித்துத் தந்தவர்களுள் இயற்கையியலாளர் பிலிப் ஹென்றி காஸ் முதன்மையானவர். 1854இல் அவர் எழுதிய நூல் 'அக்வேரியம்' என்ற சொல்லை மக்களிடையே பரப்பியது. கடலுக்குத் தொலைவில் வாழ்வோருக்காக உப்புகளைக் கலந்து செயற்கைக் கடல்நீர் தயாரிக்கும் முறையையும் அவர் விளக்கினார். 1856இல் நியூயார்க்கில் பி. டி. பார்னம் தம் அருங்காட்சியகத்தில் மீன் காட்சியைத் தொடங்கினார்.

பிரிட்டனில் வீடுதோறும் தொட்டி வைக்கும் மோகம் பரவியது. சில ஆண்டுகளிலேயே அது வடிந்தது. பத்தில் ஒன்பது தொட்டிகள் கைவிடப்பட்டதாக 1868இல் ஜான் ஜார்ஜ் வுட் என்னும் எழுத்தாளர் குறிப்பிட்டார். தொட்டியை வாங்கிய அன்றே நீரை நிரப்பி, அன்றே மீன்களை நெருக்கமாக விட்டால் என்ன நடக்கும் என்பதை இன்று எளிதாகச் சொல்லிவிடலாம். அன்றைய மக்களோ கைராசி இல்லை என்று எண்ணித் தொட்டியைப் பரணில் போட்டனர்.

மக்கள் கைவிட்ட வேளையில் ஒரு வணிகர் விடாமல் சிந்தித்தார். வில்லியம் ஆல்ஃபோர்டு லாயிட் லண்டனில் தொட்டிகளும் கடலுயிரிகளும் விற்றவர். காட்சித் தொட்டியின் நீரை மட்டும் நம்பாமல், நிலத்தடியில் இருட்டான பெரிய நீர்த்தேக்கம் ஒன்றை அமைத்து, அதற்கும் தொட்டிகளுக்கும் இடையே நீரை இடைவிடாமல் சுழலச் செய்வது அவருடைய முறை. 1864இல் ஹாம்பர்க் நகரிலும் 1871இல் லண்டன் படிக அரண்மனையிலும் இம்முறை செயற்பட்டது. படிக அரண்மனையில் தேக்கத்தின் கொள்ளளவு காட்சித் தொட்டிகளின் மொத்தக் கொள்ளளவைவிடப் பல மடங்கு பெரிது. ஆன்டன் டோர்ன் நேப்பிள்சில் நிறுவிய கடலாய்வு நிலையத்தின் மீன் காட்சிசாலை 1874இல் திறக்கப்பட்டபோது, அதன் நீர்ச்சுழற்சி அமைப்பிலும் லாயிடின் அறிவு பயன்பட்டது.

நீரின் அளவு பெரிதானால் கழிவு நீர்த்துப்போகும், வெப்பநிலை மெதுவாகவே மாறும், தவறுக்கு இடம் கிடைக்கும். பெரிய தொட்டி மீனுக்கு நல்லது என்று கூறப்படுவதன் அடிப்படை இதுவே.

தொடர்வண்டியில் சென்ற மீன்கள்

மீனை ஒரு நீரிலிருந்து மற்றொரு நீருக்கு மாற்றும் கலையை மிகப் பெரிய அளவில் சோதித்தவர்கள் அமெரிக்க மீன்வளப் பணியாளர்கள். 1871இல் சேத் கிரீன் என்பவர் நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றிலிருந்து சுமார் 12,000 ஷாட் மீன்குஞ்சுகளைப் பால் கேன்களில் எடுத்துக்கொண்டு கலிபோர்னியாவுக்குத் தொடர்வண்டியில் புறப்பட்டார். வழியெங்கும் நீரை மாற்றியும் வெப்பநிலையைக் கவனித்தும் சென்று, சுமார் 10,000 குஞ்சுகளைச் சாக்ரமெண்டோ ஆற்றில் உயிரோடு விட்டார்.

1873இல் லிவிங்ஸ்டன் ஸ்டோன் என்பவர் தொடர்வண்டிப் பெட்டி ஒன்றையே மீன் தொட்டியாக மாற்றி, பல இன மீன்களுடன் மேற்கு நோக்கிப் பயணமானார். நெப்ராஸ்கா மாநிலத்தில் எல்கார்ன் ஆற்றைக் கடக்கும்போது பாலம் உடைந்து பெட்டி ஆற்றில் விழுந்தது. மீன்கள் அனைத்தும் அந்த ஆற்றோடு போயின. ஸ்டோன் முயற்சியைக் கைவிடவில்லை. 1879இல் அவர் நியூஜெர்சியிலிருந்து கொண்டுசென்ற வரிக்கொடுவா இன மீன்களில் 132 கலிபோர்னியாக் கடற்கழியில் விடப்பட்டன. அம்மீன்கள் அங்கே பெருகி, பின்னாளில் பெரிய மீன்பிடித் தொழிலுக்கு அடிப்படையாயின. உள்ளூர் மீன்களுக்கு நடுவே அயல் இனத்தைப் புகுத்துவது சரியா என்ற வினா அக்காலத்தில் பெரிதாக எழவில்லை. இன்று அத்தகைய செயலைச் சூழலியலாளர்கள் ஏற்பதில்லை.

இப்பயணங்களில் கிடைத்த பாடம் எளியது. குளிர்ந்த நீரில் ஆக்சிசன் அதிகம் கரையும், வெப்பம் ஏற ஏறக் குறையும். நன்னீரில் 20 பாகை செல்சியசில் லிட்டருக்குச் சுமார் 9.1 மில்லிகிராம் ஆக்சிசன் கரைந்திருக்க முடியும். 30 பாகையில் அது ஏறத்தாழ 7.5 மில்லிகிராமாகக் குறைகிறது. வெப்பம் ஏறும்போது மீனின் ஆக்சிசன் தேவையோ கூடுகிறது. எனவே நண்பகல் வெயிலில் மீனைக் கொண்டுசெல்வது இரட்டைச் சுமை.

1930இல் சிக்காகோவில் திறக்கப்பட்ட ஷெட் மீன் காட்சிசாலை இன்னொரு வகையில் வியப்பளித்தது. கடலிலிருந்து வெகு தொலைவிலுள்ள அந்நகருக்கு, புளோரிடாவின் கீ வெஸ்ட் பகுதியிலிருந்து சுமார் 10 லட்சம் காலன் கடல்நீர் தொடர்வண்டித் தொட்டிகளில் கொண்டுவரப்பட்டது. 1933இல் ஆஸ்திரேலியாவிலிருந்து அங்கு வந்த நுரையீரல் மீன் ஒன்று 2017 வரை, அதாவது 80 ஆண்டுகளுக்கும் மேலாக, அங்கேயே வாழ்ந்தது. சரியாக இடம் மாற்றப்பட்டு முறையாகப் பேணப்பட்டால் ஒரு மீன் மனித ஆயுள் அளவுக்கு வாழக்கூடும் என்பதற்கு அது சான்று.

கண்ணுக்குத் தெரியாத குடித்தனக்காரர்கள்

மீன் தன் கழிவில் பெரும்பகுதியை அம்மோனியாவாகச் செவுள்கள் வழியே வெளியேற்றுகிறது. மிஞ்சிய தீனி அழுகினாலும் அம்மோனியா உண்டாகும். அது மீனுக்கு நஞ்சு. குளத்தில் அது எப்படி மறைகிறது என்பது நெடுங்காலம் புதிராக இருந்தது.

1877இல் பிரெஞ்சு அறிவியலாளர்கள் ஷ்லோசிங்கும் மூன்ட்ஸும் மணலும் சுண்ணாம்பும் நிரப்பிய குழாய் வழியே கழிவுநீரை மெதுவாகச் செலுத்தினர். முதல் 20 நாட்கள் அம்மோனியா மாறாமலே வெளிவந்தது. அதன்பின் நைட்ரேட்டு தோன்றியது. குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தியபோது மாற்றம் நின்றது. சிறிது மண்ணைச் சேர்த்தபின் மீண்டும் தொடங்கியது. இது வெறும் வேதிவினையாக இருந்திருந்தால் 20 நாட்கள் காத்திருக்க வேண்டியதில்லை. எனவே உயிருள்ள நுண்ணுயிர்களே இதைச் செய்கின்றன என்று முடிவாயிற்று.

இச்செய்தி இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தை எட்டியது. அங்கே இந்த ஆய்வைத் தொடர்ந்தவரின் பெயரும் ராபர்ட் வாரிங்டன். நத்தைகளைத் தொட்டியில் விட்ட வாரிங்டனின் மகன் அவர். அம்மோனியா முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் இரு படிகளில் மாறுகிறது, இரு படிகளையும் வெவ்வேறு நுண்ணுயிர்கள் நடத்துகின்றன என்று மகன் காட்டினார். அந்த நுண்ணுயிர்களைத் தனியே பிரிக்க அவரால் இயலவில்லை. 1890 அளவில் சூரிச் நகரில் செர்கேய் வினோகிராட்ஸ்கி அதைச் செய்து முடித்தார். தந்தை கண்ணாடிக் கலத்தில் கண்ட சமநிலையின் மறைந்திருந்த பாதியை மகன் வயல் மண்ணில் கண்டார் எனலாம்.

இந்த வரலாறு அண்மைக் காலம் வரை நீள்கிறது. நன்னீர்த் தொட்டிகளில் நைட்ரைட்டை மாற்றுவது நெடுங்காலம் நம்பப்பட்டபடி நைட்ரோபாக்டர் அன்று, நைட்ரோஸ்பைரா இனமே என்று 1998இல் வெளியான ஆய்வு காட்டியது. 2015இல் இரு படிகளையும் ஒரே உயிராகச் செய்யும் நைட்ரோஸ்பைரா வகை கண்டறியப்பட்டது. அதைக் கண்டறிந்த இரு குழுக்களில் ஒன்று ஆராய்ந்த மாதிரி, மீன் வளர்ப்பு அமைப்பின் வடிகட்டியிலிருந்து எடுக்கப்பட்டதாகும்.

புதிய தொட்டியில் மீன் இறப்பதற்கான காரணம் இப்போது விளங்கும். புதிய தொட்டியின் கண்ணாடி, கல், வடிகட்டி எதிலும் இந்த நுண்ணுயிர்கள் போதிய அளவில் இல்லை. முதல் வாரத்தில் அம்மோனியா ஏறும். அடுத்து நைட்ரைட்டு ஏறும். நைட்ரைட்டு மீனின் இரத்தத்தில் ஆக்சிசனைச் சுமக்கும் நிறமியை மாற்றிவிடுவதால் இரத்தம் பழுப்பாகி, நீரில் ஆக்சிசன் இருந்தும் மீன் மூச்சுத்திணறும். நுண்ணுயிர்கள் பெருகி நிலைபெறப் பொதுவாக 3 முதல் 6 வாரங்கள் ஆகும். நீர் கண்ணாடிபோல் தெளிந்திருப்பது அது பாதுகாப்பானது என்பதற்குச் சான்றாகாது.

பழைய நீரின் சூழ்ச்சி

அம்மோனியாவின் நச்சுத்தன்மை நீரின் பிஎச் மதிப்பைச் சார்ந்தது. 25 பாகை வெப்பத்தில், பிஎச் 7 ஆக இருந்தால் மொத்த அம்மோனியாவில் ஏறத்தாழ 0.6 விழுக்காடே நச்சு வடிவில் இருக்கும். பிஎச் 8 ஆனால் அது சுமார் 5 விழுக்காடாகிறது.

நெடுநாள் நீர் மாற்றப்படாத கிண்ணத்தில் நுண்ணுயிர்களின் செயலால் அமிலம் சேர்ந்து பிஎச் மெல்ல மெல்ல இறங்கும். மீன் அதற்குப் பழகிக்கொள்ளும். சேர்ந்திருக்கும் அம்மோனியாவும் பெரும்பாலும் தீங்கு குறைந்த வடிவிலேயே இருக்கும். அந்த நிலையில் மீனைத் திடீரெனப் பிஎச் மிகுந்த புதிய நீரில் விட்டால் உடல் ஈடுகொடுக்க முடியாமல் போகலாம். கிண்ணத்து நீரோடு புதிய நீரைக் கலந்தால் சேர்ந்திருந்த அம்மோனியா நச்சு வடிவம் பெறலாம். "கெட்ட நீரில் இருந்தது, நல்ல நீரில் செத்தது" என்று கூறப்படுவதன் பின்னணி இதுவே.

குழாய்நீரும் குளோரினும்

1897இல் இங்கிலாந்தின் மெய்ட்ஸ்டோன் நகரில் நச்சுக்காய்ச்சல் பரவியபோது குடிநீர்க் குழாய்கள் வெளுப்புத்தூள் கொண்டு தூய்மையாக்கப்பட்டன. 1905இல் லிங்கன் நகரிலும் 1908இல் அமெரிக்காவின் ஜெர்சி நகரிலும் குடிநீரில் குளோரின் சேர்ப்பது தொடர் நடைமுறையாயிற்று. எண்ணற்ற மனித உயிர்களைக் காத்த இந்த ஏற்பாடு, மீன் வளர்ப்போருக்குப் புதிய சிக்கலைத் தந்தது. குளோரின் மீனின் செவுள்களைப் புண்ணாக்கும். வடிகட்டியிலுள்ள நுண்ணுயிர்களையும் கொல்லும்.

நீரை அகன்ற கலத்தில் ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் பெரும்பாலும் வெளியேறிவிடும். ஆனால் சில நகரங்களில் குளோரினோடு அம்மோனியா சேர்த்துக் குளோரமீனாகப் பயன்படுத்துகின்றனர். கனடாவின் ஒட்டாவா நகரில் 1916இலேயே இம்முறை கையாளப்பட்டது. குளோரமீன் எளிதில் வெளியேறாது. புகைப்படக்காரர்கள் 'ஹைப்போ' என்று அழைத்த சோடியம் தயோசல்பேட்டு குளோரினை நொடியில் செயலிழக்கச் செய்யும். கடைகளில் குளோரின் நீக்கி என விற்கப்படும் நீர்மங்கள் பலவற்றில் இருப்பது இதுவே.

நெகிழிப் பையின் வரவு

1933இல் இங்கிலாந்தில் கண்டறியப்பட்ட பாலித்தீன், இரண்டாம் உலகப் போருக்குப் பின் மீன் வணிகத்தையே மாற்றியது. கனமான தகரக் கலங்களுக்குப் பதிலாக, மூன்றில் ஒரு பங்கு நீரும் எஞ்சிய பகுதியில் ஆக்சிசனும் நிரப்பிய பையில் மீன்கள் வானூர்தியில் கண்டம் விட்டுக் கண்டம் சென்றன.

பையினுள் மீன் வெளிவிடும் கரிவளி நீரை அமிலமாக்கும். அதனால் சேரும் அம்மோனியா தீங்கு குறைந்த வடிவில் தங்கும். பையைத் திறந்தவுடன் கரிவளி வெளியேறி, பிஎச் ஏறி, அம்மோனியா நஞ்சாகும். எனவே நீண்ட பயணம் செய்து வந்த பையைத் திறந்து வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் நீர் கலப்பது நன்மையைவிடத் தீமையே செய்யும். கடையிலிருந்து அரை மணியில் வீடு வந்த பைக்கு இந்த இடர் குறைவு.

தமிழ்நாட்டில்

இந்தியாவின் முதல் பொது மீன் காட்சிசாலை 1909ஆம் ஆண்டு அக்டோபரில் சென்னை மெரினா கடற்கரையில் திறக்கப்பட்டது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டனின் முயற்சி அதற்கு வித்திட்டது. மும்பையின் தாராபோர்வாலா மீன் காட்சிசாலை 1951இல்தான் வந்தது.

இன்று சென்னை கொளத்தூர் வண்ணமீன் வணிகத்துக்குப் பெயர் பெற்ற இடமாகும். அங்கு வாங்கும் மீன் ஒரு வகை நீரில் வளர்ந்திருக்கும். வீட்டில் கிடைப்பதோ குழாய்நீர், லாரி நீர், உப்புச் சுவையுள்ள ஆழ்துளைக் கிணற்று நீர் என வேறுபடும். மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போட்ட நாளில் நீரை அப்படியே பயன்படுத்தினால் ஒரே இரவில் எல்லா மீனும் இறக்கக்கூடும். கோடை நண்பகலில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் நீர் கைபொறுக்க முடியாத சூடாக இருப்பதும் உண்டு.

வரலாறு கற்றுத்தந்த முறை

மேலே கண்ட பாடங்கள் ஒவ்வொன்றும் இன்றைய நடைமுறையில் ஒரு படியாக அமைந்துள்ளன.

1. பெரிய தொட்டியை மீன் வருவதற்கு முன்பே நீர் நிரப்பி, வடிகட்டியையும் காற்று இறைப்பானையும் இயக்கத் தொடங்க வேண்டும். குளோரின் நீக்கப்பட்ட நீரே தேவை.

2. பழைய தொட்டியில் வடிகட்டி இருந்தால், அதன் பஞ்சையும் கற்களையும் ஈரம் காயாமல் புதிய தொட்டிக்கு மாற்ற வேண்டும். நுண்ணுயிர்கள் அவற்றில்தான் வாழ்கின்றன. அவற்றைக் குழாய்நீரில் கழுவக் கூடாது. அழுக்கு மிகுந்திருந்தால் பழைய தொட்டி நீரிலேயே அலசலாம்.

3. வெறும் கிண்ணத்தில் இருந்த மீனானால், நலமாக உள்ள வேறொரு தொட்டியிலிருந்து சிறிது வடிகட்டிப் பஞ்சைப் பெற்றுப் புதிய வடிகட்டியில் வைப்பது காத்திருக்கும் காலத்தைக் குறைக்கும். நோய் கண்ட தொட்டியிலிருந்து பெறக் கூடாது.

4. பழைய நீர் நெடுநாள் மாற்றப்படாமல் இருந்தால், இடமாற்றத்துக்கு முந்தைய ஒரிரு வாரங்களில் சிறிது சிறிதாகப் புதிய நீர் சேர்த்து மீனைப் பழக்க வேண்டும்.

5. மாற்றும் நாளில் மீனைப் பழைய நீருடன் ஒரு பையிலோ கலத்திலோ எடுத்து, புதிய தொட்டியில் 15 முதல் 20 நிமிடம் மிதக்க விட வேண்டும். இரு நீரின் வெப்பமும் ஒன்றான பின், தொட்டி நீரைச் சில நிமிடங்களுக்கு ஒரு முறை சிறிதளவு சேர்த்து அரை மணி நேரம் பழக்க வேண்டும்.

6. பிறகு மீனை மட்டும் மென்மையான வலையால் எடுத்துத் தொட்டியில் விட வேண்டும். பை நீரை ஊற்றக் கூடாது. விளக்கை அணைத்து வைத்து, அன்று தீனியைத் தவிர்ப்பது நல்லது.

7. முதல் சில வாரங்கள் தீனியைக் குறைத்து, அம்மோனியா, நைட்ரைட்டு அளவுகளைச் சோதனைக் கருவியால் பார்த்து வர வேண்டும். அவை தென்பட்டால் நான்கில் ஒரு பங்கு நீரை மாற்ற வேண்டும். எல்லா நீரையும் ஒருசேர மாற்றக் கூடாது.

கிண்ணத்துக்கு விடைகொடுத்த நகரங்கள்

அறிவு வளர்ந்தபின் சட்டமும் மாறத் தொடங்கியது. இத்தாலியின் மோன்சா நகரம் 2004இல் உருண்டைக் கிண்ணத்தில் மீன் வைப்பதைத் தடை செய்தது. 2005இல் ரோம் நகரமும் அவ்வாறே செய்தது. பிரிட்டனில் திருவிழாக் கடைகளில் தங்கமீனைப் பரிசாகத் தரும் பழைய வழக்கத்தை 2006ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டங்கள் கட்டுப்படுத்தின. 16 வயது நிறையாத சிறுவருக்குப் பெரியவர் துணையின்றி விலங்கைப் பரிசாகத் தருவது இங்கிலாந்திலும் வேல்சிலும் குற்றமாயிற்று.

அத்தகைய திருவிழா ஒன்றில் 1956இல் பரிசாகக் கிடைத்த 'டிஷ்' என்னும் தங்கமீன் 43 ஆண்டுகள் வாழ்ந்து 1999இல் இறந்தது. தங்கமீன் சில மாதங்களே வாழும் என்ற பொதுவான எண்ணம் மீனின் இயல்பிலிருந்து பிறந்ததன்று. அது கிண்ணத்தின் இயல்பிலிருந்து பிறந்தது. தொட்டியின் அளவுக்கு ஏற்ப மீன் வளரும் என்ற நம்பிக்கையும் அவ்வாறே. நெருக்கடியான, கழிவு மிகுந்த நீரில் மீனின் வளர்ச்சி தடைப்படுகிறது, அதன் ஆயுளும் குறைகிறது.

மீனுக்குப் பெரிய வீடு தருவது நல்ல எண்ணம். அந்த வீட்டில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் முதலில் குடியேற வேண்டும், மீன் அதன்பிறகே வர வேண்டும். ஷ்லோசிங்கும் மூன்ட்ஸும் குழாயின் முன் காத்திருந்த அந்த 20 நாட்களே, மீன் வளர்க்கத் தொடங்கும் ஒவ்வொரு மாணவரும் கற்க வேண்டிய முதல் பொறுமை.